நாச்சாரத்திலிருந்து நாச்சாரத்துக்கு: ஒரு ரேடியோ குச்சியுடன் 28 கிலோமீட்டர்

யூ.எஸ்.பி. கருவியைச் செருகியும் கணினி கண்டுகொள்ளவில்லை என்று ஹைதராபாத்தில் அலையப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2013 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் மகள் அபிநயாவும் அலைந்தோம். அவள் எட்டாம் வகுப்பு. மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பிற்பகல் 2.40க்கு வானிலைச் செயற்கைக்கோள் ஒன்று ஊருக்கு மேலே போகும்போது, அது அனுப்பும் படத்தை எல்லோர் முன்னாலும் வாங்கிக் காட்டுவதாகப் பெயர் கொடுத்திருந்தாள். நிகழ்ச்சி நிரலில் அச்சாகியும் விட்டது. அலுமினியக் கம்பியில் ஆன்டெனா தயார். அதைக் கணினியோடு இணைக்க விரல் நீள ரேடியோ குச்சி ஒன்றும் வாங்கியாயிற்று. என் லேப்டாப்பில் செருகினால் ஒரு சலனமும் இல்லை.

நாச்சாரத்தில் வீட்டு வாசலிலேயே காலை 9.20க்கு ஆட்டோ பிடித்தோம். செகந்திராபாத், 7 கிலோமீட்டர், 75 ரூபாய். மகளின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“மேரா மீட்டர் பீ ஐசாச் ஹை பேட்டி. ஹை, லேகின் திக்தா நை” என்றார். தன் மீட்டரும் அப்படித்தானாம்; இருக்கிறது, ஆனால் காட்டாது. மேற்படி 75 ரூபாய் அந்த மீட்டர் காட்டாத தொகை.

கணினிக் கடைக்காரர் குச்சியைத் தன் கணினியில் செருகினார். உடனே பெயர் வந்தது. பிறகு என் லேப்டாப்பில் அதைச் செருகினார், வரவில்லை; ஒரு மவுஸைச் செருகினார். அது ஓடியது. “ஸ்டிக் பாகுந்தி, போர்ட் பாகுந்தி” என்று இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். இரண்டும் நல்லவை, ஆனால் ஒத்துப்போகவில்லை. ஜாதகம் பார்த்துத் திரும்பியதைப் போல இருந்தது.

அடுத்து அமீர்பேட்: 8 கிலோமீட்டர், 90 ரூபாய், மெட்ரோ தூண்களுக்குத் தோண்டிய பள்ளங்களால் ஐம்பது நிமிடம். நண்பகலில் அங்கே போகாதீர்கள். மென்பொருள் பயிற்சி நிலையங்களில் ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் நேரம். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே படிக்கட்டில் நிற்பார்கள். எனக்குப் பழக்கமான பயிற்சியாளர் ஸ்ரீநிவாஸ் மூன்றாவது மாடியில் இருந்தார். டிரைவர் மென்பொருள்தான் இல்லை என்று முடிவு கட்டி ஒரு பென் டிரைவை நீட்டினார். அதையும் என் லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. மின்னஞ்சலில் அனுப்பினார். நிறுவப்போனால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது.

“பாஸ்வேர்ட் செப்பண்டி அண்ணா.”

“அது ஆபீசில் இருக்கு.”

அவர் என்னை நோயாளியைப் பார்ப்பது போல் பார்த்தார்.

பேகம்பேட்டில் இருக்கும் என் அலுவலகம் அங்கிருந்து 2 கிலோமீட்டர், 30 ரூபாய். கணினிகளைப் பராமரிக்கும் செல்வம் கோவில்பட்டிக்காரர். வரவேற்பறைக்கு வந்து லேப்டாப்பைத் திறக்காமலே சொன்னார்.

“சார், இது ஆபீஸ் மெஷின்லா? மவுஸ், கீபோர்டு தவிர எது செருகினாலும் எடுக்காது. போன வருஷமே பூட்டியாச்சு.”

“யார் பூட்டினது?”

“பூட்டினது நாங்க. சரியாப் பூட்டிருக்கான்னு டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்டது நீங்கல்லா சார்?”

நினைவு வந்தது. என் வேலை மென்பொருள் சோதனை. அந்தப் பட்டியலை நானே தயாரித்திருந்தேன். செய்ய வேண்டியது: அறியாத கருவி ஒன்றைச் செருகுக. எதிர்பார்க்கும் விளைவு: கணினி அதைக் கண்டுகொள்ளக் கூடாது. முடிவு: தேர்ச்சி. அன்று காலை முதல் வீடு, செகந்திராபாத், அமீர்பேட் என்று அதே சோதனையைத்தான் மூன்று இடங்களில் நடத்தியிருக்கிறேன். மூன்றிலும் தேர்ச்சி.

அபிநயா குச்சியைப் பைக்குள் போட்டாள். பிறகு, தெலுங்கு ‘அதாவது’ ஒன்றை முன்னால் சேர்த்து, “அன்டே, நீங்களே மூடிட்டு நீங்களே தேடுறீங்களா அப்பா?” என்றாள். செல்வம் தரையைப் பார்த்தார். விலக்கு கேட்டு விண்ணப்பித்தால் ஐந்து வேலைநாள் ஆகும் என்றார். அவள் கண் கலங்கியது. “பள்ளியிலே கம்ப்யூட்டர் இல்லையாம்மா?” என்று அவர்தான் கேட்டார்.

இருக்கிறது. இருபது இருக்கிறது. மூடி போட்டு வைத்திருப்பதால் எங்களுக்கு நினைவுக்கு வரவில்லை. அபிநயா என் செல்பேசியில் ஆசிரியையை அழைத்தாள். நாலு மணிக்குள் வரச் சொன்னார்.

திரும்ப 11 கிலோமீட்டர், 120 ரூபாய். 3.35க்குப் பள்ளி, எங்கள் வீட்டிலிருந்து 600 மீட்டர். “செப்பல்ஸ் பயட்ட வதலண்டி சார்” என்று ஆசிரியை என் செருப்பை வெளியே விடச் சொல்லிவிட்டு ஒரு கணினியின் துணியுறையை நீக்கினார். ஸ்ரீநிவாஸ் அனுப்பியதை மகளே நிறுவிக் குச்சியைச் செருகினாள். 3.50க்குத் திரையில் பெயர் வந்தது.

வீட்டுக்கு நடந்தபோது யோசித்தேன். ஆறு வருடமாக எங்கள் வீட்டில் கணினி என்றால் அந்த லேப்டாப்தான். குடும்பப் படங்கள், மின் கட்டணம், மகளின் வீட்டுப்பாடம் எல்லாம் அதில்தான். சொந்தமாக ஒன்று வாங்கத் தோன்றியதே இல்லை, இருப்பதாகவே நினைத்துவிட்டோம். இந்த ஊரில் என் போன்ற பலர் வீட்டிலும் இதுதான் நிலை. எனவே என் யோசனை: கேபிளையும் டிரைவரையும் சந்தேகிக்கும் முன், கணினியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் யார் பெயர் என்று பாருங்கள். வேறொருவர் பெயர் என்றால் ஆட்டோ பிடிக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

சனிக்கிழமை 2.40க்கு ஜன்னல் வழியாக ஆன்டெனாவின் வயர் உள்ளே வந்தது. டிக் டிக் என்று ஒலி கேட்டு, சாம்பல் நிறத்தில் வரிவரியாகப் படம் இறங்கியது. பாதிக்கு மேல் புள்ளிகள். ஆனாலும் வங்காள விரிகுடாவின் கரை தெரிந்தது. கூட்டத்திலிருந்து யாரோ, ஆமாம் ஆமாம் என்பது போல, “ஹவ்!” என்றார்கள்.

நடுவர் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்ட கேள்வியை இவளிடமும் கேட்டார்: “இதில் உன் அப்பா என்ன செய்தார்?”

அபிநயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தெலுங்கில், முகம் மாறாமல் சொன்னாள்: “ஏமீ லேது சார். நேனே சேசானு.”

ஒன்றுமில்லை, நானேதான் செய்தேன். அந்த அரங்கில் அப்படி உண்மையாகச் சொல்லக்கூடிய பிள்ளை அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.