தானாக ஓடிய பிரிண்டர்

ராமேஸ்வரத்தில் நானும் என் கணவரும் பன்னிரண்டு அறைகள் கொண்ட சிறிய லாட்ஜ் நடத்துகிறோம். தை அமாவாசைக்கு முந்தைய நாள், வரவேற்பறையில் யாரும் தொடாமலே பிரிண்டர் ஓடத் தொடங்கியது. வெளியே வந்த தாளில் யாருடைய ரயில் டிக்கெட்டோ இருந்தது.

சற்று நேரத்தில் மாடி அறையில் தங்கியிருந்த கோவைக்காரர் இறங்கி வந்தார்.

"உங்க வைஃபைல பிரிண்டர் தெரிஞ்சுதுங்க, கேக்காம போட்டுட்டேன். ஆனா உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆதார் நகலெல்லாம்கூட என் லேப்டாப்புல தெரியுதுங்க. பார்த்துக்குங்க."

எத்தனை குடும்பங்கள் நம்பிக் கொடுத்தவை அவை!

நெட் இணைப்பு போட்டுத் தந்த கணேசனை உடனே வரவழைத்தேன். "ஃபயர்வால் இருக்குன்னுதான சொன்னீக?" என்று சத்தம் போட்டேன்.

"இருக்குக்கா. அது வெளிய இருந்து வாறவனைத்தான் தடுக்கும். பாஸ்வேர்டு குடுத்து நாமளே உள்ள விட்டவுகளை ஏன்னு கேக்காது. ஆபீசையும் ரூமையும் ஒரே லைன்ல போட்டது என் தப்புத்தான்" என்றார்.

அன்றே தங்குபவர்களுக்கான வைஃபையைத் தனியாகப் பிரித்தார். அதிலிருந்து இணையத்துக்கு மட்டும் போகலாம், அலுவலகப் பக்கம் எதுவுமே போகக்கூடாது என்று ஃபயர்வாலில் விதியும் போட்டார். ஆதார் நகல்களுக்கு பாஸ்வேர்டு வைத்தார். நான் அந்த வைஃபையில் என் செல்போனை இணைத்து, எதுவும் தெரியவில்லை என்று பார்த்த பிறகே அவரை அனுப்பினேன்.

இப்போதெல்லாம் ரூட்டரில் யார் கை வைத்தாலும், அவர் வண்டியை எடுப்பதற்குள் இந்தச் சோதனையை நானே செய்துவிடுகிறேன்.

- மு. செல்வராணி, ராமேஸ்வரம்