மயிலாப்பூர் மேடையில் எனக்கொரு சாய்தளம்

இன்று மாலை மயிலாப்பூரில் நாட்டுப்புறப் பாட்டு விழா. பாட வரச் சொல்லி என்னையும் அழைத்திருந்தார்கள்.

மேடை ஏற சாய்தளம் போட்டிருந்தார்கள். பலகை ஆடவில்லை. கைப்பிடி வேறு. இத்தனை வருடமாக என்னைச் சக்கர நாற்காலியோடு நாலு பேர் தூக்கித்தான் ஏற்றுவார்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

விழா நடத்துபவரிடம், "சார், நான் எப்போ பாடணும்?" என்று கேட்டேன்.

"மொதல்ல டிபன் சாப்டுங்க மேடம்," என்றார்.

சந்தேகம் வலுத்தது.

மேடையில் மைக் எல்லாம் நின்று பாடுகிறவர்களின் உயரத்தில் இருந்தன. மைக் செட் அண்ணனிடம் ஒன்றை இறக்கித் தரச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"உங்களுக்கு மைக் சொல்லலியேக்கா. சால்வ போட்டு, போட்டோ எடுத்து, அப்டியே கீழ இறக்கிடணும்னு சொல்லிக்கீறாங்க."

சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு போக ஒருவர் பின்னால் வந்தார். நான் சக்கரத்துக்குப் பிரேக்கைப் போட்டுவிட்டு, மைக் இல்லாமலேயே பாட ஆரம்பித்தேன். இரண்டாவது அடியில் அந்த அண்ணனே மைக்கை இறக்கி என் வாய்க்கு நேராக வைத்தார்.

முழுப் பாட்டையும் பாடிவிட்டுத்தான் இறங்கினேன்.

நல்ல சாய்தளம்தான். அடுத்த வருடமும் அது அங்கே இருக்கும் என்று நம்புகிறவர்கள் கமெண்டில் கை தூக்கவும்.