ஆத்தப்பனின் விசில்

வேலம்பாளையம் பக்கம் ஆத்தப்பனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய விசிலைத் தெரியாதவர்கள் கிடையாது. நகராட்சிக் குடிதண்ணீரைத் தெருத்தெருவாகத் திறந்துவிடுகிற வேலை அவருக்கு. தண்ணீர் வருவதே வாரத்துக்கு ஒரு தடவைதான். வால்வைத் திருகிய கையோடு விசிலை ஊதினார் என்றால், பனியன் கம்பெனிக்குக் கிளம்பியவர்கள்கூடச் சோற்றுப் போசியைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவார்கள்.

இத்தனை வருடம் ஊதியும் அவர் தற்காலிகப் பணியாளர்தான். 2006 கோடையில், இந்தத் தடவை நிரந்தரம் நிச்சயம் என்று ஆபீஸில் பேச்சு அடிபட்டது. அதை நம்பித்தான் மனுஷன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்.

தெருவுக்குப் பிடித்த சனியன் மோட்டார். பள்ளத்து வீட்டுக்காரர்கள் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடுவார்கள். மேட்டுக் கோடியில் இருந்த லைன் வீடுகளுக்கு வெறும் காற்றுதான் வரும். பனியன் வேலைக்காகத் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. மோட்டார் வைக்கக் கூடாது என்று விதி இருக்கத்தான் செய்தது. நகராட்சி அதை நிறைவேற்றிய அழகைச் சொல்ல வேண்டுமே! எப்போதாவது மைக் கட்டிய ஆட்டோவை அனுப்பிக் கத்தவிடும். ஆட்டோ கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் மோட்டார்கள் ஓடத் தொடங்கிவிடும்.

அந்த மோட்டார்களில் ஒன்று ஆத்தப்பன் வீட்டிலேயே இருந்தது. மனைவி பூவாத்தாள் மாட்டியது. “ஊருக்கே தண்ணி உடறவரு ஊட்டுல தண்ணி இல்லீனா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?” என்பாள். அவரும் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டார்.

ஒருநாள் விடிந்தும் விடியாமலும் புதிதாக வந்த பொறியாளர் கிட்டுசாமி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள்.

“ஆத்தப்பா, இன்னைக்கு விசில் ஊதக் கூடாது. ஊதினா சனம் தெருவுக்கு வந்து ஜீப்பைப் பாத்துரும். சத்தமில்லாம தெறந்து உடுங்க. மோட்டார் ஓடறப்பவே புடிக்கோணும். ஒரு கேஸாவது இல்லாம நான் ஆபீசுக்குப் போக முடியாது. நகராட்சி ஆளு ஊட்டுலயே இருந்துச்சுன்னா, அந்தாளு வேலையும் போயிரும்.”

ஆத்தப்பன் வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. கூப்பிடத்தான் முடியாது. குழாயில் காற்று இரைந்ததுமே பூவாத்தாள் சுவிட்சைப் போட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். வால்வுக்குள் சாவியை விட்டுத் திருகினார். தண்ணீர் பாய்கிற அதிர்வு கையில் தெரிந்தது.

விசில் சத்தம் கேட்டது. தன் வாயில்தான் விசில் இருக்கிறது என்பது அதன் பிறகே அவருக்கு உறைத்தது.

கதவுகள் திறந்தன, குடங்கள் வந்தன, ஜீப்பையும் பார்த்தன. அவ்வளவுதான். பொறியாளர் ஓடிப்போய் நுழைந்த வீட்டிலெல்லாம் ஈரக் குழாய்தான் இருந்தது, மோட்டார் இல்லை. பூவாத்தாள் ஒன்றும் அறியாதவள்போல வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“வேணும்னே ஊதினீங்களா?” கிட்டுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது.

“இல்லீங்க சார். கைப்பழக்கமுங்க.”

சொன்னது நிஜம். ஆனால் பிழைத்துக்கொண்டோம் என்று நெஞ்சு குளிர்ந்தபோது, அந்த நிஜத்தை அவராலேயே நம்ப முடியவில்லை.

அப்போது மேட்டிலிருந்து ஒரு பெண்குரல் கூவியது. “அண்ணாச்சி! தண்ணி வந்துட்டு, அண்ணாச்சி!”

லைன் வீட்டுச் செல்லத்தாய். கீழே மோட்டார்கள் நின்றதும் தண்ணீர் தானாக மேடு ஏறிவிட்டது. சந்தோஷத்தில் அவள் போட்ட சத்தம் பொறியாளரை அங்கே இழுத்து வந்தது. முழங்கால் ஆழக் குழிக்குள், தாழ வெட்டி இறக்கிய குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேட்டுக்கு ஏறாத தண்ணீரைப் பிடிக்க அந்தச் சனம் தோண்டிய குழி அது.

“குழி தோண்டிக் குழாயை இறக்கறதும் விதிமீறல்தான். இதையே கேஸா எழுதிக்கலாம். கட் பண்ணுங்க” என்று ஸ்பேனரை ஆத்தப்பனிடம் நீட்டினார் கிட்டுசாமி.

“இன்னைக்குத்தான் சார் தண்ணியக் கண்ணால பாக்கோம். இதையும் அடைச்சா நாங்க எங்க போக?” என்றாள் செல்லத்தாய்.

எந்தெந்த வீட்டில் மோட்டார் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆத்தப்பன் முகத்தைப் பார்த்தாள்; எந்த வீட்டையும் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழிக்குள் இறங்கிய ஆத்தப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்பேனரைக் குழாயில் மாட்டினார். கை திருக மறுத்தது.

“சார், உங்களுக்கு மோட்டார்தானுங்க வேணும்? எங்கூட்டுல இருக்குது. எடுத்துத் தாரேன். இவங்கள உட்டுருங்க.”

“வேலை போயிரும். தெரியுமில்ல?”

“தெரியுங்க.”

கிட்டுசாமி ஜீப்பை ஆத்தப்பன் வீட்டுக்குத் திருப்பச் சொன்னார். மோட்டார் பறிமுதலானது, ஆத்தப்பன் வீட்டுக் குழாய் இணைப்பு துண்டிக்கப்பட்டது. துண்டித்தவரும் அவரேதான். வேலையைவிட்டு நீக்கவில்லை, ஆனால் நிரந்தரம் என்ற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. பூவாத்தாள் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த முறை விசில் கேட்டபோது, பள்ளத்தில் யாரும் தண்ணீர் விட்டுத்தராததால், வேறு வழியில்லாமல் அவளும் குடத்தோடு மேட்டுக்குப் போய் வரிசையில் நின்றாள். பள்ளத்து மோட்டார்கள் ஒளித்த இடத்திலிருந்து வெளியே வந்து இரைந்துகொண்டிருந்தன. குழிக்குழாயில் நூலாகத்தான் வந்தது. செல்லத்தாய் தன் குடத்தை நகர்த்தி வைத்தாள்.

“மொத நீங்க பிடிங்க மைனி.”

பூவாத்தாள் குடத்தைக் குழிக்குள் இறக்கவில்லை. அங்கேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று பள்ளத்தை நோக்கி நடந்தாள். முதல் வீட்டுக் கதவை அவள் தட்டிய தட்டு, வால்வடியில் நின்ற ஆத்தப்பனுக்கும் கேட்டது.

“ஏனுங்க, மோட்டார நிறுத்துங்க! மேட்டுல நாங்க நிக்கறோம்!”