பதின்மூன்று நாள் வெயில்

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி வெள்ளம் வடிந்த நாட்களில், வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. பெரிய சம்பவம் என்று சொல்ல முடியாது. அடுத்தவரின் சாமான் ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைத்தேன், அவ்வளவுதான். ஆனாலும் இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழும்பிப் போயிருக்கிறேன். இப்போதும் சரியாகச் சொல்கிறேனோ என்ற சந்தேகம் இருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வளவு தள்ளி, வாய்க்காலை ஒட்டிய பள்ளக் காணியில் ஒருவர் தனியாக இருந்தார். ஐம்பது வயது வரும். தொலைக்காட்சி, மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் திருத்துவார். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். முன்பு வவுனியா நகரத்தில், காசு போட்டால் விளையாடும் வீடியோ கேம் மெசின்கள் வைத்துக் கடை நடத்தியவர். ஆள் உயர மரப்பெட்டியில் திரையும் பிடியும் பொத்தான்களும் உள்ள மெசின்கள். கடையை மூடிய பிறகு மரப்பெட்டிகளைக் கறையான் தின்றுவிட்டது. உள்ளே இருந்த போர்ட்டுகளை மட்டும் அவர் முன்பே கழற்றி எடுத்து வைத்திருந்தார். போர்ட் என்பது சோற்றுக் கோப்பையை விடப் பெரிய ஒரு பச்சைத் தகடு. அதன் மேல் வரிசையாகக் கறுப்புச் சிப்புகள். ஒரு போர்ட்டுக்கு ஒரு விளையாட்டு. அவரிடம் ஆறு இருந்தன.

பழைய இரும்பு எடுக்க வருகிறவர்கள், அதற்குள் தங்கம் இருக்கிறதாம், உருக்கலாமாம் என்று கேட்பார்களாம். போர்ட்டுகளின் படத்தைப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் இருந்தும் ஒருவர் விலை பேசினாராம். யாருக்கும் அவர் கொடுக்கவில்லை. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். சவரத் தூரிகையால் தூசு தட்டுவார். பழைய தொலைக்காட்சி ஒன்றில் பொருத்தி ஓடவிட்டுப் பார்ப்பார். பிறகு கடதாசியில் சுற்றித் தேயிலைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். பிள்ளையைக் குளிப்பாட்டிப் படுக்கவைப்பது போல இருக்கும்.

அந்த வருடம் ஆடி மாதம் மிக்சியைத் திருத்தக் கொண்டு போயிருந்தேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அங்கே நின்று அழத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பராக்குக் காட்ட அவர் ஒரு போர்ட்டை ஓடவிட்டார். வானத்தில் விமானங்களைச் சுட்டு விழுத்தும் விளையாட்டு. அது தொடங்க முன் திரையில் பத்துப் பேரின் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் புள்ளிகள். விளையாட்டைச் செய்த கம்பனி ஏதோ பெயர்களைப் போட்டு அனுப்புமாம். அவருடைய நண்பர் ஒருவர் சிப்பில் எழுதும் கருவி வைத்திருந்தாராம். அந்த நண்பர் கம்பனிப் பெயர்களை அழித்துவிட்டு, கடைக்கு வழக்கமாக வந்த பத்துப் பெடியளின் பெயர்களை எழுதிவிட்டாராம். அதனால் எப்போது ஓடவிட்டாலும் முதலில் அவர்கள்தான் வருவார்கள். முதல் பெயர் அந்த நண்பருடையது.

அண்ணை திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, இவன் இன்னான், இந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு போனார். படிக்க வவுனியாவுக்கு வந்து தங்கியிருந்த வன்னிப் பிள்ளைகள் பலர். சமாதானம் என்று பாதை திறந்த காலத்தில் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அதற்குப் பிறகு வன்னியில் கடைசி யுத்தம் வந்தது. அதில் அவர்களுக்கு என்ன ஆனது என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். என் கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. மகளுக்குச் சாப்பாட்டு நேரம் தப்பிவிடும் என்பதுதான் என் கவலை.

பிறகு மார்கழி மழை. குளத்துக் கதவுகளைத் திறக்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போன அன்று பின்னேரம், அவர் தேயிலைப் பெட்டியை உரப்பையால் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. தண்ணீர் வராது என்று நம்பினார். நாங்களும் நம்பினோம்.

"நனைஞ்சாலும் பரவாயில்லை, தங்கச்சி. திறக்க மட்டும் வேண்டாம். அப்பிடியே கிடக்கட்டும்" என்றார்.

அதை நான் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். அலுமாரிக்கு மேலே இடம் இருக்கவில்லை. மகளின் கிளினிக் கொப்பி, காணிப் பத்திரம், என் சான்றிதழ்கள், கூறைச்சேலை எல்லாம் அங்கே ஏறிவிட்டன. கூறைச்சேலையை இறக்கியிருந்தால் பெட்டி அங்கே இருந்திருக்கும். இதைப் பல தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன்.

நான்கு நாட்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டுத் திரும்பி வந்தோம். வீட்டுக்குள் கணுக்கால் அளவுக்குச் சேறு. பெட்டியின் அடிப்பாகம் ஊறிப்போய் இருந்தது. அண்ணையோ ஆஸ்பத்திரியில். வெள்ளத்துக்குள் இறங்கிப் பக்கத்து வளவு மாடுகளை அவிழ்த்துவிட்டதில் எலிக்காய்ச்சல் பிடித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் 'வேண்டாம்' என்ற சொல்லை யாரும் அப்படியே எடுப்பதில்லை. தேத்தண்ணீர் வேண்டாம் என்பவருக்கு ஊற்றித்தான் கொடுப்போம். சாப்பிட்டுவிட்டேன் என்பவருக்குக் கோப்பை வைப்போம். உதவி வேண்டாம் என்பவர் எங்களுக்குச் சிரமம் தரக் கூடாது என்று சொல்கிறார், அவ்வளவுதான். வேண்டாம் என்றதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால், மனிதத்தன்மை இல்லாதவள் என்று நினைப்பார்கள். 'நனைஞ்சாலும் பரவாயில்லை, திறக்க வேண்டாம்' என்றதையும் நான் அப்படித்தான் எடுத்தேன்.

அண்ணையிடம் ஒருமுறை போனில் கேட்கச் சொல்லி என் கணவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கிடக்கிற வருத்தக்காரனைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன். நான் போர்ட்டுகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவுவதைப் பார்த்துக் கணவர் சிரித்தார்.

"உமக்கு ஒண்டையும் கழுவாமல் இருக்கேலாது. விட்டால் என்னையும் கழுவிக் கொடியிலை போடுவீர்."

சிப்புகளின் மேல் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. சேற்றில் ஊறிப் பாதி உரிந்து, பூஞ்சணம் பிடித்திருந்தன. ஒவ்வொன்றிலும் இருந்த எழுத்தையும் இலக்கத்தையும் கொப்பியில் வரைபடம் போட்டு எழுதிக்கொண்டேன். பிறகு சுரண்டி எடுத்தேன். அடியில் ஒரு சின்னக் கண்ணாடி வட்டம் இருந்தது. அதன் வழியே உள்ளே பொன்னிறத்தில் மிக நுண்ணியதாக ஏதோ மினுங்கியது. சில கண்ணாடிகளில் ஈரப்பூச்சு இருப்பது போலத் தெரிந்தது. உள்ளே போன தண்ணீர் காய வேண்டுமே என்று பயந்தேன். கண்ணாடி உள்ள பக்கத்தை மேலே வைத்தேன்.

மழைக்குப் பிறகு நல்ல வெயில் எறித்தது. ஊரே எல்லாவற்றையும் வெயிலில் போட்டிருந்தது. மெத்தை, பள்ளிக்கூடப் புத்தகம், கல்யாணப் படம், விதைநெல். அவற்றுக்கு நடுவே எங்கள் தகரத்தின் மேல் ஆறு போர்ட்டுகள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயல்வீட்டு அக்கா, என்ன வடகம் போட்டிருக்கிறாய் என்று பகிடி பண்ணினா. காலையில் வைத்து, பொழுதுபட முன் எடுத்துவிடுவேன். நிழல் விழும்போது தகரத்தை நகர்த்துவேன். சூரியன் சாயும் பக்கத்துக்குக் கண்ணாடிகளைத் திருப்பி வைப்பேன். முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்ததும் முதல் வேலை அதுதான். என் பிள்ளையைக் கூட அவ்வளவு கவனமாகப் பார்த்தேனோ தெரியாது. கடைசியில் புது ஸ்டிக்கர் வெட்டி, என் அழகான கையெழுத்தில் எழுதி, அந்தந்த இடத்தில் ஒட்டினேன்.

தை பிறந்து அண்ணை வந்தார். பாதியாக மெலிந்திருந்தார். நான் பெட்டியைத் திறந்து காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை இங்கே ஒளிக்கக் கூடாது. அவர் ஒரு போர்ட்டைக் கையில் எடுத்தார். ஸ்டிக்கரை விரலால் தொட்டார்.

"இது புதுசா?"

"ஓம் அண்ணை. பழசு ஊறிப்போச்சு. எல்லாத்தையும் கழட்டிப்போட்டு வடிவாக் காயவைச்சனான்."

"எத்தினை நாள் வெயிலிலை வைச்சனீங்கள்?"

"பதின்மூண்டு நாள். ஒரு நாளும் விடேல்லை."

அவர் போர்ட்டைத் திரும்பவும் கடதாசியில் சுற்றினார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். நான் ஊற்றிக் கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

அடுத்த நாள் என் கணவர் அண்ணையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எனக்கு விளங்கப்படுத்தினார். ஆறையும் ஓடவிட்டுப் பார்த்தாராம், ஒன்றிலும் விளையாட்டு வரவில்லையாம். அந்தச் சிப்புகளுக்குள்தான் விளையாட்டு எழுதப்பட்டிருக்கிறது. கண்ணாடி வைத்திருப்பதே அழிப்பதற்கு. கழியூதாக் கதிர், அதாவது அல்ட்ரா வயலட், உள்ளே பட்டால் எழுதியது மெல்ல மெல்ல அழிந்துவிடும். வெயிலிலும் அந்தக் கதிர் இருக்கிறது. அது படாமல் மறைப்பதற்குத்தான் ஸ்டிக்கர். தண்ணீரில் நனைந்ததால் ஒன்றும் ஆகியிராது, கழுவியதிலும் பிழை இல்லை, நிழலில் வைத்திருந்தால் போதுமாம். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். சூரிய ஒளியில் கழியூதாக் கதிர் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள்.

கொழும்பில் உள்ள ஒருவர் விளையாட்டுகளைத் திரும்பவும் சிப்பில் எழுதித் தருவாராம், இணையத்தில் எல்லாம் இருக்கிறதாம் என்று கணவர் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் அந்தப் பட்டியல் நினைவுக்கு வந்தது. இணையத்தில் இருப்பது கம்பனியின் விளையாட்டு. பத்துப் பெடியளின் பெயர்கள் இருந்தது இந்த உலகத்தில் அந்த ஒரு போர்ட்டில் மட்டும்தான். எழுதிய நண்பரும் இல்லை.

அன்று பின்னேரமே மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணை மேசையடியில் இருந்தார். முன்னால் ஒரு தாள். ஒன்றிலிருந்து பத்து வரை இலக்கம் போட்டிருந்தார். எட்டு வரிகளில் மூன்று மூன்று எழுத்துகள். ஒன்பதும் பத்தும் வெறுமையாக இருந்தன. நான் வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அழுதுவிட்டேன். என்னைப் பார்த்து மகளும் அழுதாள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் அழுதால் நான்தான் ஆறுதல் சொல்ல வேணும், தங்கச்சி. எனக்கு இப்ப ஏலாது. வீட்டை போங்கோ."

திரும்பி நடந்தேன். படலை வரை வந்திருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அண்டைக்கு மிக்சி திருத்த வந்த நேரம் நீங்களும் பாத்தனீங்கள்தானே. ஒன்பதாவதா ஆரின்ரை பேர் இருந்தது?"

அவர் என்னைக் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். என்னில் ஒரு நம்பிக்கை வைத்துக் கேட்டார். அந்தத் திரையைக் கடைசியாக அவரோடு சேர்ந்து பார்த்தவள் நான்தான். அவருடைய விரல் அந்த வரியில் வந்து நின்றபோது மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மணி மட்டும் நினைவிருந்தது. பன்னிரண்டேகால்.

"தெரியேல்லை அண்ணை" என்றேன்.

"எழுதி வைச்சிருக்கலாம். அதிலை கிடக்குதுதானே எண்டு விட்டிட்டன்" என்று தாளைப் பார்த்தபடி சொன்னார். அதை எனக்குச் சொன்னாரோ, தனக்கே சொன்னாரோ தெரியாது.

கொழும்பில் எழுதுவித்து ஆறு போர்ட்டுகளும் திரும்பி வந்தன. எல்லாம் வேலை செய்தன. விமான விளையாட்டைத் தொடங்கினால் இப்போது யாரோ முகம் தெரியாதவர்களின் எழுத்துகள் வருகின்றனவாம். அண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தினாராம். பிறகு மாதாமாதம் எடுத்துத் துடைக்கிற வேலை இல்லை. அடுத்த போகம் விதைக்க முன் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவில் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். என்னால்தான் போனார் என்று சொல்ல முடியாது. என்னால் இல்லை என்றும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதுவரை வழியில் கண்டால் சைக்கிளை நிறுத்தி மகளோடு இரண்டு வார்த்தை கதைப்பார். என்னைப் பார்த்துத் தலையசைப்பார். தங்கச்சி என்று பிறகு கூப்பிட்ட நினைவு எனக்கு இல்லை.

இப்போது யாராவது வேண்டாம் என்றால் என் கை நின்றுவிடுகிறது. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. வந்தவர்களை உபசரிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன். எடுத்தால் எடுக்கட்டும்.

ஒன்பதாவது வரியில் வி என்ற ஆங்கில எழுத்து இருந்தது என்று சில நாட்களில் உறுதியாகத் தோன்றும். போன் எடுத்துச் சொல்லலாமா என்று நினைப்பேன். இட்டுக்கட்டிச் சொல்கிறேனோ என்ற பயத்தில் எடுக்கமாட்டேன். யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை, நான் நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் சூரியனுக்குத் திருப்பிப் பிடித்த ஒரு கண்ணாடிக்குள் அழிந்துபோனான் என்பது, முற்றத்தில் மிளகாய் காயப்போடும் ஒவ்வொரு நல்ல வெயில் நாளிலும் எனக்குத் தெரிகிறது.