கேட்காமல் நின்றவர்களுக்குக் காப்பி

காளவாசல் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தது கடன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதி என் வீட்டுக்காரரின் வீம்பு.

கப்பலூரில் பட்டறை போடுவதற்காக, வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கியிருந்தார். பட்டறை படுத்துவிட்டது. ஏல நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போன பிறகு நான்தான் வக்கீலிடம் ஓடினேன். "ஏலத்துக்கு முன்னாடி நீங்களே நல்ல விலைக்கு வித்து அடைச்சிருங்கம்மா, கையில மிச்சம் நிக்கும்" என்றார் அவர். ஆளும் வந்தார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நியாயமான விலையே சொன்னார். மிச்சப் பணத்தில் எங்காவது ஒரு சின்ன வீடு வாங்கிவிடலாம் என்று எனக்கு உயிர் வந்தது.

"நானே வீட்டை வித்தா ஊர்ல எப்படித் தலை காட்டுறது?" என்று இவர் மறுத்துவிட்டார். அலங்காநல்லூரிலிருந்து வந்த இவருடைய அண்ணன் தூபம் போட்டார். சொந்தக்காரன் வீடு ஏலத்துக்கு வந்தால் எங்கள் சனத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். அது வழக்கம்.

"நம்ம ஆளுக எவனும் கேக்க மாட்டான். ஏலம் நின்னு போகும். நீ பேசாம இரு தம்பி."

"மதுரையில நம்ம ஆளுக மட்டுமாங்க இருக்காக?" என்று இவரிடம் கேட்டேன்.

"பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏலத்தன்று சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து எங்கள் வீட்டு வாசலில் கைகட்டி நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதே ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். போட்டிக்கு ஆளே இல்லை. முன்பு எங்களுக்குத் தருவதாகச் சொன்னதில் ஏறக்குறைய பாதி விலைக்கு வீடு அவருக்கு முடிந்தது. கடன்கூட முழுசாக அடையவில்லை. மீதிக்கும் நாங்கள்தான் பொறுப்பு என்றார் வங்கிக்காரர். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அண்ணன் என்னிடம் வந்தார்.

"எல்லாருக்கும் காப்பி போடு தாயி. நமக்காக இம்புட்டுத் தூரம் வந்து, கேக்காம நின்னிருக்காக."

போட்டேன். எனக்கு இனிமேல் சொந்தமில்லாத அடுப்படியில் நின்று, அத்தனை பேருக்கும் காப்பி ஆற்றிக் கொடுத்தேன்.