திரைக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு

அக்கா பல்கலைக்கழகத்தில் கிளாரினெட் வாசிக்கப் படித்துப் பட்டம் வாங்கியவள். வாங்கிய கையோடு வேலை தேடி அலையோ அலை என்று அலைந்தாள். ஹோட்டல் வரவேற்பறையில் வாசித்தாள். கரண்டிச் சத்தத்தைத் தாண்டி யார் காதிலும் அது ஏறவில்லை. கடைசியில் இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க்காகப் போய் உட்கார்ந்தாள். கிளாரினெட் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

தங்கையும் அதே படிப்பில் சேர்ந்தபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதாதாடி?" வீட்டில் எல்லோருக்கும் தங்கை 'குட்டி'தான். பேச்சிலும் அப்படித்தான், மனதில் வந்தது வாயில் வந்துவிடும்.

அக்காவைப் பற்றி அம்மாவுக்கு இப்போது ஒரே குறைதான். காலையில் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் சாயங்காலம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். "இளைக்கணும்னு பட்டினி கிடக்கறியா? துரும்பா போயிட்டே!" என்று கத்துவாள். அக்கா சிரித்து மழுப்பிவிடுவாள்.

குட்டி படிப்பை முடித்த வருஷம் நகரத்துப் பெரிய இசைக்குழுவில் கிளாரினெட்டுக்கு ஓர் இடம் காலியானது. அத்தி பூத்த மாதிரிதான் அப்படி ஓர் இடம் வரும். உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். கிடைக்காவிட்டால் தானும் ஏதோ ஓர் ஆபீஸ்தான் என்று குட்டிக்குத் தெரியும். வீட்டில் மூச்சு விடாமல், லைப்ரரி போவதாகச் சொல்லிவிட்டுத் தேர்வுக்குக் கிளம்பினாள்.

நடுவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். வாசிப்பவருக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஆணா பெண்ணா என்று நடையிலேயே தெரிந்துவிடும் என்பதால் செருப்பைக்கூட மேடையோரம் கழற்றிவிட வேண்டும். வாசித்தவர் யாரென்றோ, ஆணா பெண்ணா என்றோ தெரிந்துவிட்டால் அந்த நம்பர் அவுட்.

குட்டியின் முறை நெருங்கியதும் மேற்பார்வையாளர் அவளை மேடையோரம் கூட்டிவந்தார். அங்கே கிடந்த செருப்பைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழுப்பு நிறம், இடது வார் கறுப்பு நூலால் தைத்தது. அக்காவுக்காகத் தைத்தவளே அவள்தான், போன ஞாயிற்றுக்கிழமை.

உள்ளே வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. குட்டி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் பரணில் வெறும் பெட்டிதான் இருக்கிறதா? தேர்வுக்குக் கொடுத்திருந்த பாட்டின் மெதுவான பகுதியில் குட்டிக்கு எப்போதும் மூச்சு முட்டும். உள்ளே வாசித்தவளுக்கு மூச்சு தீரவே இல்லை. பொறாமைப்படக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்து நின்றாள்.

வாசிப்பு முடிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ஒரு நடுவரின் குரல் தெளிவாகக் கேட்டது: "இதுக்கு மேல யாரைக் கேக்கணும்? இவங்களையே எடுத்துக்கலாம்."

அக்கா வெறுங்காலோடு வெளியே வந்தாள்.

"அக்கா!"

சந்தோஷத்தில் கத்தியே விட்டாள் குட்டி. கூடம் முழுக்க அது எதிரொலித்தது. அக்காவின் முகம் வெளுத்தது. அந்தப் பக்கம் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பிறகு அதே நடுவர், வேண்டாவெறுப்பாக, "அந்த நம்பரை அடிச்சிடுங்க. அடுத்தவங்களை அனுப்புங்க" என்றார்.

குட்டி திரும்பினாள். மேற்பார்வையாளரின் கையைப் பிடித்தாள். "சார், தப்பு என்னோடது. என் நம்பரை அடிச்சிடுங்க சார்."

"கத்தினது யாருன்னு அவங்களுக்குத் தெரியாதும்மா. வாசிச்சது பொம்பளைன்னு தெரிஞ்சுபோச்சே" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அக்கா குனிந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கே வாசிச்சுப் பழகினேக்கா?" என்று குட்டி அழுதாள்.

"ஆபீஸ் ஃபைல் ரூம்ல. சாப்பாட்டு நேரத்துல அங்க யாரும் வரமாட்டாங்க." குட்டியின் கண்ணை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள். "போடி, கூப்பிடறாங்க. செருப்பைக் கழட்டு."

குட்டி போய் வாசித்தாள். பாதியிலேயே மூச்சு அறுந்தது. அந்த இடம் வேறு யாருக்கோ போனது.

மறுநாள் சாயங்காலம் அக்காவின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "குட்டி, இங்க வந்து பாரேன்! ஒரு பருக்கை மிச்சமில்லை. இன்னைக்குத்தான் உங்கக்கா ஒழுங்கா சாப்பிட்டிருக்கா!"