குளோரின் பக்கத்தில் அம்மா

காலையில் தெருவில் ப்ளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். அந்தக் குளோரின் நெடி மூக்கில் ஏறியதும், இப்போது நிலக்கரி கொட்டும் இடமாகிவிட்ட எங்கள் எண்ணூர்க் குப்பத்து வீடும், அதே நெடியோடு கம்பெனிக் காற்று வீசினால் ஈரத்துணியைக் கதவிடுக்கில் செருகிவிட்டுக் கருவாட்டை இனம் பிரிக்க உட்காரும் அம்மாவும், பக்கத்தில் தனிம அட்டவணையைச் சத்தமாக உருப்போடும் நானுமாக ஒரு சாயங்காலம் வந்து நின்றது.

"புளோரினு, குளோரினு... இதுங்கள ஏன்டி ஒரே வரிசைல குந்த வச்சிகீறாங்கோ?" என்றாள் அம்மா.

"வெளிவட்டத்துல எட்டு எலக்ட்ரான் இருந்தா நெறஞ்சிடும்மா. இதுங்க அல்லாத்துக்கும் ஏழுதான் கீது. அந்த ஒண்ணுக்காக எது கெடச்சாலும் புடிச்சி இழுக்கும்."

கடலுக்குப் போன அப்பா திரும்பாததிலிருந்து, கரையேறும் ஒவ்வொரு படகையும் மறித்து விசாரித்துக்கொண்டிருந்தவள் அம்மா. "அப்ப நானும் அதுங்கோ பக்கத்துலதான் குந்தணும்" என்றாள்.

அட்டவணையின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழாகப் போகும் கடைசி வரிசையில் இருக்கும் நியானுக்கும் ஆர்கானுக்கும் எட்டும் இருப்பதால் அவை எதையும் தேடாது என்றேன்.

"குடுத்து வச்சதுங்கோ."

அம்மாவும் போய்விட்டாள். நான் எதையும் தேடுவதில்லை. வெள்ளைப் பொடியை மிதித்து வேலைக்குப் போகிறேன், வருகிறேன். பார்ப்பவர்கள் என்னைக் கடைசி வரிசையில்தான் வைப்பார்கள். எட்டும் இருக்கிறதா என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.